வள்ளல்களே, வரவுக் கணக்கு எங்கே?

ஞானபீடப் பரிசு அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம் முதலாளித்துவப் பத்திரிகைகள் ஒரே சுருதியில் பாடத் தொடங்கிவிடுகின்றன. இலக்கியத்தை வாழ வைக்கும் குடும்பமாம்! சரஸ்வதிக்குக் கோயில் கட்டிய லட்சுமி புத்திரர்களாம்! பரிசு பெற்ற எழுத்தாளரின் படத்துக்குப் பக்கத்திலேயே பரிசு கொடுத்தவர்களின் புகழும் அச்சேறுகிறது. இந்தப் பாட்டு கடையநல்லூர்த் தேநீர்க் கடைகளிலும் வாசகசாலைகளிலும்கூட எதிரொலிக்கக் கேட்கிறோம். "நம் ஜெயகாந்தனுக்கே கொடுத்தார்களே, தோழர்! முதலாளி நல்ல காரியம் செய்தாலும் குற்றமா? கொடுக்கிற கையைத் தட்டிவிடலாமா?" என்று நல்ல நண்பர்களே கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆகவே நேராகவே பதில் சொல்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். பரிசு வாங்கிய எழுத்தாளர்கள்மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. 1975ஆம் ஆண்டுப் பரிசு "சித்திரப்பாவை"க்காக அகிலனுக்கு வந்தது. 2002ஆம் ஆண்டுப் பரிசு ஜெயகாந்தனுக்கு வந்தது. அவர் சிறுவயதில் சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்திலேயே வளர்ந்து, ஜனசக்தி அச்சகத்தில் அச்சுக் கோத்தவர். வங்கத்துச் சுபாஷ் முகோபாத்யாய், உருதுக் கவிஞர் அலி சர்தார் ஜாஃப்ரி, கேரளத்துத் தகழி, ஓ.என்.வி. குறுப்பு ஆகியோரும் இதே மேடையில் ஏறியவர்கள்தாம். பாட்டாளிகளின் வாழ்வை எழுதி, அதனால் சிறையையும் வறுமையையும் கண்டவர்கள் இவர்களில் உண்டு. அந்த மாலை அவர்கள் கழுத்துக்கு ஏற்றதே. நம் கேள்வி மாலையைக் கட்டிய பூ யார் தோட்டத்தில் பறித்தது என்பதுதான்.

ஒரு பரிசு பிறந்த வேளை

பாரதிய ஞானபீடம் 1944ல் காசியில் தொடங்கியது. நிறுவியவர் சாகு சாந்தி பிரசாத் ஜெயின். அவர் மனைவி ரமா ஜெயின் அதன் தலைவர். பாலி, பிராகிருதம், சமஸ்கிருதம் முதலிய மொழிகளில் மறைந்து கிடந்த பழஞ்சுவடிகளை ஆராய்ந்து அச்சிடுவது அதன் முதல் நோக்கம். அதில் நல்ல வேலைகள் நடந்ததை மறுக்க மாட்டோம். தமிழில் சமண இலக்கியம் பற்றிப் பேராசிரியர் சக்கரவர்த்தி ஆங்கிலத்தில் எழுதிய நூலைத் திருத்தி 1974ல் மீண்டும் வெளியிட்டதும் அந்த ஸ்தாபனமே. ஆனால் 1944 எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் மறக்கக் கூடாது. வங்கப் பஞ்சத்தில் ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த காலம் அது. யுத்த கால லாபம் பெருமுதலாளிகளின் பெட்டிகளில் குவிந்துகொண்டிருந்த காலமும் அதுவே. 

ரமா ஜெயினின் தந்தை ராமகிருஷ்ண டால்மியா. சர்க்கரை, சிமெண்டு, காகிதம், பாங்கு, இன்ஷூரன்ஸ் என்று எல்லாத் துறையிலும் கால் பதித்த பெருமுதலாளி. 1946ல் வெள்ளைக்கார முதலாளிகளிடமிருந்து "டைம்ஸ் ஆஃப் இந்தியா"வை நடத்திய பெனட் கோல்மன் கம்பெனியை அவர் வாங்கினார். எந்தப் பணத்தில் வாங்கினார்? தாம் தலைவராக இருந்த பாங்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பணம் அந்த வேலைக்குத் திருப்பிவிடப்பட்டது. அதாவது, தன் சாவுக்குப் பின் பிள்ளைகுட்டிகள் தெருவில் நிற்கக் கூடாதே என்று குமாஸ்தாவும் ஆசிரியரும் மாதாமாதம் கட்டிய பிரிமியப் பணம்! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் எழுந்து இந்த இன்ஷூரன்ஸ் மோசடிகளை ஒவ்வொன்றாகப் பிட்டு வைத்தார். ஆளும் காங்கிரஸ் மெம்பர், பிரதம மந்திரியின் மருமகன். அவரே பேசிய பிறகு மூடி மறைக்க வழியில்லை. அடுத்த மாதமே, 1956 ஜனவரியில், ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசிய மயமாயிற்று. டால்மியாமீது வழக்கு நடந்தது. பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பணம் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் பங்குச் சூதாட்ட நஷ்டத்தை அடைக்கப் போயிருந்தது. அவருக்கு விதித்த இரண்டாண்டுச் சிறைத் தண்டனையை 1962ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது.

அதே 1956 டிசம்பரில் டால்மியா–ஜெயின் கம்பெனிகளை விசாரிக்கச் சர்க்கார் ஒரு கமிஷனை நியமித்தது. அதை எதிர்த்து முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1958ல் தோற்றார்கள். நீதிபதி விவியன் போஸ் தலைமையில் நடந்த அந்த விசாரணையின் அறிக்கை 1962ல் முடிந்தது. கம்பெனிகளை வாங்குவதும் கலைப்பதும், ஒன்றின் பணத்தை இன்னொன்றில் போடுவதும், பங்குகளைக் கை மாற்றுவதுமாக நடந்த முறைகேடுகளை அது பக்கம் பக்கமாக எழுதிவைத்தது. மாமனாரின் நிர்வாகத்தோடு மருமகன் சாந்தி பிரசாதின் பங்கும் அதில் பேசப்பட்டது. பத்திரிகைக் கம்பெனியோ அதற்கு வெகு முன்பே மாமனார் கையிலிருந்து மருமகன் கைக்குப் போயிருந்தது.

இப்போது பரிசு பிறந்த தேதியைப் பாருங்கள். 1961 மே 22. அன்று சாந்தி பிரசாதுக்கு ஐம்பதாவது பிறந்த நாள். இந்திய மொழிகளின் தலைசிறந்த நூலுக்குப் பெரும் பரிசு ஒன்று தரலாம் என்ற யோசனை அன்றுதான் குடும்பத்தில் எழுந்தது. கமிஷன் சாட்சிகளை விசாரித்துக்கொண்டிருந்த வேளை அது! தற்செயல் என்பார்கள். இருக்கட்டும். 1965ஆம் ஆண்டுக்கான முதல் பரிசு மலையாளக் கவிஞர் ஜி. சங்கரக் குறுப்புக்குக் கிடைத்தது. பரிசுத் தொகை ஒரு லட்சம் ரூபாய். சர்க்காரின் சாகித்ய அக்காடமி அப்போது கொடுத்துவந்தது ஐயாயிரம். இருபது மடங்கு! நாடெங்கும் பேச்சு மாறிற்று. விவியன் போஸ் அறிக்கையை யார் படித்தார்கள்? ஞானபீடத்தின் பெயர் மட்டும் பள்ளிப் பிள்ளைகளின் வாயிலும் புகுந்துவிட்டது. இன்று அரசுத் தேர்வுக்குப் படிக்கிற நம் ஊர் இளைஞர்கள் பரிசு பெற்றவர்களின் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். கமிஷன் என்ன சொல்லிற்று என்று எந்தத் தேர்விலும் கேள்வி வருவதில்லை.

கதை அதோடு முடியவில்லை. 1969 ஆகஸ்டில் பம்பாய் ஹைக்கோர்ட் நீதிபதி நயின் உத்தரவின்படி பெனட் கோல்மன் கம்பெனியின் பழைய டைரக்டர் குழு கலைக்கப்பட்டு, சர்க்கார் நியமித்தவர்களும் சேர்ந்த புதிய குழு உட்கார்ந்தது. ஒரு குடும்பத்தின் கையில் பத்திரிகைக் கம்பெனி இருப்பது பங்குதாரர்களுக்கும் பொதுநலனுக்கும் ஆகாது என்று சர்க்காரே கோர்ட்டில் வாதாடிய காலம். அந்த ஏழாண்டிலும் ஞானபீட மேடையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. 1976ல், நெருக்கடி நிலைக் காலத்தில், கம்பெனி மறுபடியும் குடும்பத்தின் கைக்கே வந்து சேர்ந்தது.

டால்மியா நகரும் தகழியும்

பிகாரில் சோன் நதிக்கரையில் டால்மியா நகர் என்று ஓர் ஊர். ரோதாஸ் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனியின் சர்க்கரை, சிமெண்டு, காகித ஆலைகள் அங்கே புகை கக்கிய காலத்தில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் அந்தப் புகையை நம்பி வாழ்ந்தன. சாகு ஜெயின் குழுமத்தின் செல்வம் வளர்ந்த வயல்களில் அதுவும் ஒன்று. 1984ல் ஆலைகள் மூடப்பட்டன. சம்பளப் பாக்கியோடு தொழிலாளர் தெருவில் நின்றார்கள். சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். நடுவில் சில பிரிவுகள் ஓடியதும் நின்றுபோயிற்று. கடைசியில் கம்பெனியே கலைப்புக்குப் போயிற்று. குடியிருப்புகளில் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை மாறும்வரை பாக்கிக்காகக் காத்துக் கிடந்தன.

1984ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு யாருக்கு? தகழி சிவசங்கரப் பிள்ளைக்கு! குட்டநாட்டு வயலில் சேற்றில் நின்று இரண்டு படி நெல்லுக்காக உழைத்த பண்ணையாட்களைப் பற்றி "ரண்டிடங்கழி" எழுதிய அதே தகழிக்கு. கூலிக்காரனின் கதையை எழுதியவருக்குப் பொன்னாடை. கூலிக்காரனுக்குப் பூட்டிய கதவு. மாட்டைக் கொன்று செருப்புத் தானம் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தது இதைத்தான்.

நண்பர்கள் குறுக்கிடலாம்: "ஆலை நஷ்டத்தில் மூடினால் பரிசு என்ன செய்யும்?" ஒன்றும் செய்யாது. ஆனால் ஆலை லாபத்தில் ஓடிய காலத்தில் அந்த லாபத்தை உண்டாக்கிய கைகளுக்கு ஒரு ஞானபீடம் இருந்ததா? தர்மத்துக்கு நிதி ஒதுக்கத் தெரிந்த குடும்பத்துக்குச் சம்பளப் பாக்கிக்கு நிதி ஒதுக்க மட்டும் ஏன் தெரியவில்லை?

தர்மத்தில் நம் பங்கு எவ்வளவு?

இது ஒரு குடும்பத்தின் குணக்கேடு மட்டுமல்ல. நாட்டின் பெருமுதலாளிகள் எல்லோருக்கும் பொதுவான ஒரு வழி இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகவே விளக்க வேண்டும்.

முதலாளி தன் கம்பெனிப் பங்குகளில் ஒரு பகுதியைத் தர்ம டிரஸ்டுக்கு எழுதிவைக்கிறார். டிரஸ்டிகள் யார்? மனைவி, மகன், மருமகன், குடும்ப ஆடிட்டர். பங்கு போனாலும் பங்கின் ஓட்டு வீட்டைவிட்டுப் போகவில்லை. அந்தப் பங்குகளுக்கு வரும் லாபத்துக்கு வருமான வரி இல்லை. குடும்பச் சொத்தாகவே இருந்திருந்தால் 1953ஆம் ஆண்டு மரண வரிச் சட்டம் ஒரு கை பார்த்திருக்கும். 1957ஆம் ஆண்டுச் செல்வ வரிச் சட்டம் இன்னொரு கை பார்த்திருக்கும். டிரஸ்ட் என்ற குடையின் கீழ் நின்றால் இரண்டு மழையும் நனைக்காது. இந்தத் தந்திரம் அளவுக்கு மீறிப்போன பிறகுதான் சர்க்கார் விழித்தது. கறுப்புப் பணத்தை ஆராய்ந்த வாஞ்சூ கமிட்டி 1971ல் தர்ம டிரஸ்டுகள் வரி தப்பும் வாசலாகப் பயன்படுவதைச் சுட்டிக்காட்டியது. டிரஸ்ட் பணத்தைக் குடும்பக் கம்பெனியிலேயே போட்டுவைப்பதற்கு 1970லிருந்து தடை வரத் தொடங்கி, 1983ல் இறுகியது. மரண வரியோ 1985லும், செல்வ வரி 2015 பட்ஜெட்டிலும் மொத்தமாகவே ஒழிந்தன. குடையே தேவைப்படாதபடி மழையை நிறுத்திவிட்டார்கள்!

ஆனாலும் வருமான வரிச் சலுகை நிற்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஞானபீடப் பரிசுத் தொகை இப்போது பதினோரு லட்சம். நூற்றுக்கு முப்பது வீதம் வரி கட்டவேண்டிய வருமானமாக அது இருந்தால் 3 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் சர்க்கார் கஜானாவுக்கு வந்திருக்கும். தர்மம் என்பதால் வரவில்லை. அப்படியானால் அந்த 3 லட்சத்து 30 ஆயிரத்தைக் கொடுத்தது யார்? பீடிக்கும் தீப்பெட்டிக்கும் கைலிக்கும் மறைமுக வரி கட்டுகிற நாம்! நாம் போட்ட பங்குக்கு மேடையில் நமக்கு ஒரு நாற்காலியும் இல்லை. அழைப்பிதழில் ஒரு வரியும் இல்லை. பரிசுக் குழுவில் யார் உட்காருவது என்பதில் நமக்கு ஒரு வாக்கும் இல்லை. 2023ஆம் ஆண்டுக்கான பரிசு குல்சாருடன் சேர்த்து சித்திரகூட மடாதிபதி ராமபத்ராச்சாரியாவுக்கு என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அயோத்தி வழக்கில் கோயில் தரப்புக்காகச் சாட்சி சொன்னவர் அவர். அயோத்தியில் கோயில் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எந்தக் குழு எப்படித் தேர்ந்தெடுத்தாலும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவனுக்குக்கூடத் தெரிகிறது.

எழுத்தாளனுக்குப் பரிசு, எழுதுபவனுக்கு?

பத்திரிகை முதலாளிகளின் இலக்கியப் பாசத்தை அளக்க இன்னொரு படி இருக்கிறது. தங்கள் காரியாலயத்தில் இரவெல்லாம் கண்விழிக்கும் உதவி ஆசிரியருக்கும் புரூப் திருத்துபவருக்கும் அவர்கள் கொடுப்பது என்ன?

பக்கத்துத் தென்காசியையே எடுத்துக்கொள்வோம். அவ்வூர்க்காரர் டி.எஸ். சொக்கலிங்கம். 1934ல் தொடங்கிய "தினமணி"யின் முதல் ஆசிரியர். பாமரனும் படிக்கிற தமிழ்ப் பத்திரிகை நடையை வளர்த்தவர்களில் ஒருவர். ராம்நாத் கோயங்காவின் நிர்வாகத்தோடு முரண்பட்டு 1943ல் அவர் வெளியேறியபோது அவரோடு உதவி ஆசிரியர்கள் பலரும் வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர் நம் நெல்லைச் சீமையின் புதுமைப்பித்தன். 1948ல் காச நோயில், கையில் காசில்லாமல், நாற்பத்திரண்டு வயதில் அவர் செத்துப்போனார். இன்று கோயங்காவின் பெயரால் நடக்கும் டிரஸ்ட் 2006லிருந்து ஆண்டுதோறும் சிறந்த பத்திரிகையாளர்களுக்கு விருது கொடுக்கிறது. விருது வாங்கும் இளைஞர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். வாழ்க! ஆனால் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955ல் வந்தபோது அதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது யார்? எக்ஸ்பிரஸ் நிறுவனம். 1958ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. சம்பள போர்டின் முடிவு மட்டும் ரத்தானது. எங்களால் கொடுக்க முடியாது என்பதே முதலாளிகளின் வாதம். 1959 ஏப்ரலில் சென்னை எக்ஸ்பிரஸ் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது நிர்வாகம் சென்னை வெளியீட்டையே மூடி விஜயவாடாவுக்குக் கொண்டுபோயிற்று.

அது பழங்கதை என்று யாரும் தள்ள வேண்டாம். மஜீதியா சம்பள போர்டின் சிபாரிசை 2011ல் சர்க்கார் அறிவித்தபோது பெனட் கோல்மன் உள்ளிட்ட பத்திரிகைக் கம்பெனிகள் மறுபடியும் கோர்ட்டுக்குப் போயின. 2014 பிப்ரவரியில் தோற்றன. பாக்கியை ஓராண்டில் நான்கு தவணையாகக் கொடுங்கள் என்றது சுப்ரீம் கோர்ட். நாடெங்கும் எத்தனையோ காரியாலயங்களில் கொடுக்கவில்லை. 2017ல் மீண்டும் அதே கோர்ட், ஒப்பந்த ஊழியருக்கும் இது பொருந்தும் என்றும் சொல்லி, பாக்கித் தகராறுகளைத் தொழிலாளர் அதிகாரிகளிடம் அனுப்பிவைத்தது. 2020ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 1955ஆம் ஆண்டின் அந்தத் தனிச் சட்டத்தையே கரைத்துவிட்டார்கள். விருது விழாவில் பேனாவின் பெருமை. கோர்ட்டில் பேனா பிடித்தவனின் வயிற்றில் அடி!

கணக்கைத் திறந்தால் என்ன ஆகும்?

வெளிநாட்டிலும் இந்த வித்தை உண்டு. அமெரிக்காவில் பிராங்க் கேனட் என்ற பத்திரிகை முதலாளி 1935ல் தன் கம்பெனிப் பங்குகளைக் கொண்டே ஓர் அறக்கட்டளை அமைத்தார். 1991ல் அது பங்குகளைக் கம்பெனிக்கே 67 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் பெயரையும் மாற்றிக்கொண்டது. வாஷிங்டனில் பத்திரிகை சுதந்திரத்துக்கு ஒரு மாளிகைக் காட்சிசாலை கட்டி, தாங்க முடியாமல் 2019 கடைசியில் மூடிற்று.

இன்னோர் உதாரணம் வேறு மாதிரி. இங்கிலாந்தில் "கார்டியன்" பத்திரிகையை நடத்திய ஸ்காட் குடும்பம் 1936ல் பத்திரிகையை ஒரு டிரஸ்டுக்கு மாற்றியது. மரண வரிப் பயம் அதற்கு ஒரு காரணம். தியாகச் சுடர் என்று நாம் கொண்டாடவில்லை. ஆனால் குடும்பம் தன் லாபப் பங்கை உண்மையாகவே விட்டது. அந்த டிரஸ்ட் 2020ல் ஆராய்ச்சியாளர்களை அமர்த்தித் தன் பூர்வீகக் கணக்கைத் தோண்டச் சொன்னது. 1821ல் மான்செஸ்டரில் பத்திரிகை தொடங்கிய டெய்லரும் அவருக்குப் பணம் போட்டவர்களில் பெரும்பாலோரும் பஞ்சு வியாபாரத்தோடு தொடர்புடையவர்கள். அந்தப் பஞ்சு அமெரிக்கக் கரையோரத் தீவுகளில் கறுப்பின அடிமைகள் பறித்தது என்று தெரிந்தது. 2023 மார்ச்சில் டிரஸ்ட் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, ஒரு கோடி பவுனுக்கு மேல் பரிகாரத்துக்கு ஒதுக்கியது. கணக்கைத் திறந்ததால் பத்திரிகை மூழ்கிவிடவில்லை.

மான்செஸ்டர் என்ற பெயர் கடையநல்லூருக்குப் புதிதல்ல. அந்த ஊர் ஆலைத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியதில்தான் இந்த நாட்டுத் தறிகள் ஓய்ந்தன. நம் ஊரில் நெசவு நொடித்த குடும்பங்கள் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறின. போனவர்கள் அங்கே மூட்டை சுமந்தார்கள். துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தார்கள். கையில் மிஞ்சிய காசைச் சேர்த்து, சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் மூலம் 1946ல் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பிறகு அது உயர்நிலைப் பள்ளியாகி, 1980களின் தொடக்கம் வரை சிங்கப்பூரில் தமிழிலேயே பாடம் சொன்னது. யுத்தமும் ஜப்பான் ஆக்கிரமிப்பும் முடிந்து ஓராண்டுகூட நிரம்பாத காலம், அரிசிக்கே திண்டாட்டம். அந்த வேளையில் தமிழுக்குக் கொடுத்தார்களே, அவர்களில் ஒருவருக்காவது எந்தப் பத்திரிகையாவது வள்ளல் பட்டம் சூட்டியதா? அவர்கள் கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் வரவுக் கணக்குத் தெளிவாக இருந்தது: சொந்த முதுகு.

இன்னொரு வள்ளலையும் சொல்லிவிடுவோம். 1948ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. கடையநல்லூரில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டுகிற நெசவாளியும் பீடி சுற்றுகிற தாய்மாரும் அதைக் கட்டுகிறார்கள். அகிலனும் ஜெயகாந்தனும் புதுமைப்பித்தனும் நூலக அலமாரியில் இருப்பது அந்தப் பத்துப் பைசாவில்தான்.

ஆகவே நம் கோரிக்கை பெரியதல்ல. பத்திரிகைக் குடும்பங்களின் தர்ம ஸ்தாபனங்கள் ஆண்டுக் கணக்கைத் தங்கள் பத்திரிகையிலேயே, ஜனங்களுக்குப் புரியும் பாஷையில் அச்சிடட்டும்: எந்தக் கம்பெனியிலிருந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு வரி விலக்கு, டிரஸ்டிகள் யார் யார், அந்தக் கம்பெனிகளில் சம்பளப் பாக்கி எவ்வளவு நிற்கிறது. பரிசுச் செய்திக்கு முதல் பக்கம் கிடைக்கிறதே, இதற்குக் கடைசிப் பக்கமாவது கிடைக்காதா? அடுத்த ஞானபீட அறிவிப்பு வரும் வாரத்தில் நம் ஊர் வாசகசாலைகளிலும் நெசவாளர், பீடித் தொழிலாளர் சங்கங்களிலும் இந்த நான்கு கேள்விகளை ஆளுக்கோர் அஞ்சலட்டையில் எழுதி, பரிசு பெற்ற எழுத்தாளருக்கு அல்ல, பரிசு கொடுத்த ஸ்தாபனத்துக்கு அனுப்புவோம். எழுத்தாளருக்கு வாழ்த்து தனி அட்டையில் போகட்டும்.